சர்வீஸ்காரருக்குத் தண்ணீர்

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் அவருடைய பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேலையூரில் எங்கள் பக்கத்தில் சர்வீஸ்காரர் என்றால் அவர்தான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், மிக்ஸி, எது நின்றாலும் அவருக்குத்தான் போன். என் கைபேசியில் அந்த எண் இன்னும் இருக்கிறது. இப்போது அழைத்தால் வேறு யாரோ எடுத்து இந்தியில் பேசுகிறார்கள்.

பார்த்தால் அத்தனை சாது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். நெற்றியில் கடுகளவு குங்குமம். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் படியேறுவார். கரண்ட் பார்க்கும் மீட்டரைப் பூப்போட்ட துணிப்பையில் சுற்றி வைத்திருப்பார். பழைய தலையணை உறையில் அவர் மனைவி தைத்துக் கொடுத்தது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கழற்றிய திருகாணிகளைத் தரையில் விரித்த செய்தித்தாளில் வரிசையாக அடுக்குவார். வேலை முடியும்போது ஒன்றுகூட மிஞ்சாது. அவர் சரிசெய்த பொருள் மறுபடி அதே கோளாறில் நின்றதாக எங்கள் தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அவருக்கு எதிராகத்தான் இருக்கும்.

எது எப்போது நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது, தெருவுக்குள் வெள்ளம் வந்து வடிந்ததற்கு அடுத்த தையில், பொங்கல் முடிந்த வாரம். வாஷிங் மெஷின் உறுமியது, சுற்றவில்லை. அவர் வந்து மெஷினைத் தொடவில்லை. கூடத்தில் நின்று, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். என் மனைவி உள்ளே பார்த்து, "செல்வி, சாருக்குத் தண்ணி" என்றாள். எங்கள் வீட்டில் வேலை செய்த செல்வி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொம்பில் கொண்டுவந்தாள். அண்ணாந்து குடிக்கும்போதே அவர் கண்கள் அவளைப் பார்த்தன. சொம்பைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இரும்மா" என்றார்.

பிறகு மெஷினின் முதுகைக் கழற்றினார். பெல்ட் அறுந்திருந்தது.

"துணி யாரும்மா போடறது?"

"செல்விதான்" என்றாள் என் மனைவி.

"போர்வ, ஜமுக்காளம்லாம் ஒண்ணா அமுக்கி போட்டுகீறாங்க. அதான் தாங்கல. பாவம், தெரியாம பண்ணிட்டாங்க. ஒண்ணும் சொல்லாதீங்கம்மா."

அவர் போனபின் என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். "போர்வைய நான் மெஷின்ல போட்டதே இல்லக்கா, மாடியில கல்லுலதான் தொவைக்கிறேன்" என்று செல்வி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மாசி பிறப்பதற்குள் அவள் எங்கள் வீட்டில் இல்லை. மெஷினை உடைக்கிற பெண் என்று பேராகி, பக்கத்தில் இன்னும் இரண்டு வீட்டிலும் அவளுக்கு வேலை நின்றுபோனது. அடுத்தமுறை அவர் வந்தபோது இதைச் சொன்னேன். "அடப்பாவமே" என்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே சார், ஒண்ணும் சொல்லாதீங்கன்னு."

தெரியாம என்பதுதான் அவருடைய சொல். வேண்டுமென்றே பண்ணினார்கள் என்று அவர் யாரையும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஆள் சண்டை போட்டிருப்பான். தெரியாமல் பண்ணியதாகச் சொல்லி, உடனே மன்னிப்பும் வாங்கித் தருகிறவரிடம் என்ன சண்டை போடுவது? இல்லை என்று மறுத்தால், தெரியாமல் செய்ததோடு பொய்யும் சொல்கிறாய் என்றாகும்.

அடுத்தது அஸ்தினாபுரத்தில், என் மைத்துனர் வீடு. அவர்களுக்கு இவரைச் சொல்லிவிட்டதே நான்தான். அது மார்கழி, காலையில் கீசரில் தண்ணீர் சுடவில்லை. நான் போயிருந்தேன். மைத்துனர் போனில் இருந்தார், அவர் மனைவி குளியலறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். தண்ணி என்ற குரல் கேட்டதும் சமையலறைப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மைத்துனரின் மாமனார் எழுந்து போய் டம்ளரில் எடுத்துவந்தார். மகள் வீட்டில் தங்கியிருக்கும் மனிதர், சொல்வதற்குள் எழுந்துவிடுவார். கீசரின் உள்கம்பி உப்புப் படிந்து வெடித்திருந்தது. அஸ்தினாபுரத்து போர்வெல் தண்ணீரில் எந்தக் கம்பியும் வெடிக்கும்.

"சுட்ச்ச போட்டுட்டு அப்டியே வுட்டுர்றாரு போல, ஐயா" என்றார் சர்வீஸ்காரர். "வயசாச்சு இல்ல, மறதி. தெரியாமதானே. ஐயாவ கோச்சிக்காதீங்க."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பா, இனிமே நீங்க சுவிட்ச் பக்கம் போகாதீங்க, நாங்க போட்டுத் தர்றோம்" என்று மகள் அன்பாகவே சொன்னாள். இருவரும் அலுவலகத்துக்கு ஓடுகிற அவசரத்தில் போட்டுத் தர நேரம் இருக்காது. அந்த மார்கழி முழுக்க அந்த மனிதர் பச்சைத் தண்ணீரில் குளித்தார். தை பிறந்தபோது அவருக்கு நெஞ்சுச் சளி. அதற்கும், வயதாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு விஷயம் புரிந்தது மூன்றாவது இடத்தில். எங்கள் குடியிருப்பின் கடைசி வீட்டில் ஒரு வங்கி ஊழியர் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை, சமையல்காரி இல்லை, பெற்றோர் திருச்சியில். அவருடைய ஃப்ரிட்ஜ் நின்றபோது எனக்கு ஒரு அற்ப ஆசை: இங்கே யார் தலையில் போடுவார், பார்ப்போம். கூடவே போனேன். தண்ணீர் கேட்டார். வங்கி ஊழியர் கேனைச் சாய்த்துப் பார்த்தார், காலி. பால்கனியிலிருந்து எட்டி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் கீழே இருந்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரைத்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு சர்வீஸ்காரர் சொன்னார்: "கீழ மெயின் சுட்ச்ச படக்கு படக்குன்னு போட்டு போட்டு எடுத்துகீறாங்க சார். அந்த அடி ஃப்ரிட்ஜுக்குத்தான் வரும். யாருன்னு நான் சொல்லல. பாவம், தெரியாம."

வங்கி ஊழியர் வாட்ச்மேனைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது; அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வியின் சொம்பும், மாமனாரின் டம்ளரும், இந்த பாட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஒரு வீட்டில் வெளியாள் தண்ணீர் கேட்டால் எழுந்து போகிற ஆள் யார்? எழுந்திருக்காமல் இருக்க முடியாத ஆள். மீட்டரை எடுப்பதற்கு முன்னாலேயே அவர் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். இயந்திரத்தில் கோளாறு எங்கே என்பதிலும் அவர் தவறியதில்லை, வீட்டில் யாருக்கு வாய் இல்லை என்பதிலும் தவறியதில்லை.

வீடுகளுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். கம்பெனியிலிருந்து வரும் பையன்கள் "பார்ட் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் போச்சு என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். இவர் ஒருவர்தான் காரணம் சொல்வார், அதுவும் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஆளையே சொல்வார். "கரெக்டா சொல்வார்ப்பா" என்று எங்கள் தெருவில் ஒருவருக்கொருவர் எண்ணைக் கொடுத்துக்கொண்டார்கள்.

ஓவன் கதை இதற்கு அடுத்த டிசம்பரில்.

எங்கள் மேல்வீட்டில் ஸ்டெல்லாம்மா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஞாயிறு தவறாமல் முதல் ஆராதனைக்குப் போகிறவர். அவருடைய மகன் துபாயில். மருமகள் பெனிட்டா இங்கே மாமியாரோடு. மகன் அங்கே வீடு மாற்றியபோது தன்னுடைய பழைய ஓவனைச் சாமான்களோடு கப்பலில் அனுப்பியிருந்தான். சமையலறை அலமாரிக்குள் பொருத்துகிற பெரிய வகை. அதில் பெனிட்டா கேக் செய்ய ஆரம்பித்தாள். முதலில் சபைக்காரர்களுக்கு, பிறகு கேம்ப் ரோடு முழுக்க. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். ஸ்டெல்லாம்மாவுக்கு வெண்ணெய் வாசனை ஆகவில்லை, ஆட்கள் வந்து போவது ஆகவில்லை. ஓவனைப் பல்லாவரத்தில் இருக்கும் தன் மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாதாமாதம் சொல்லிவந்தார். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, சபை விற்பனைக்கு மொத்தக் கேக்கும் பெனிட்டாவிடம் சொல்லியிருந்தார்கள். அது நன்றாக நடந்துவிட்டால் இனி யாரும் ஓவனைத் தூக்க முடியாது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஓவனில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே பயங்கரமாகச் சூடேறி ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தானே எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூட்டில் யாரும் திறந்துவிடாதபடி கதவு தானே பூட்டிக்கொள்ளும். ஆறினதும் தானே திறக்கும். நாற்றம் அடிக்கிறது, சுத்தம் பண்ணு என்று ஸ்டெல்லாம்மா சொல்லி, பெனிட்டா அந்தப் பொத்தானை அழுத்தினாள். நடுவில் கரண்ட் போய் வந்தது. ஓவன் ஆறியது. கதவு திறக்கவில்லை. பலகையில் பூட்டுக் குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லாம்மா சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். ஓவனை வெளியே இழுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் மேலே கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார் அவர்.

பெனிட்டா திரும்புவதற்குள் நான் எழுந்தேன். நானே போய் ஃபில்டரில் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் வாங்கினார். "நீங்க ஏன் சார் எழுந்துகினு..." என்று அதை ஜன்னல் திட்டில் வைத்தார். குடிக்கவில்லை. பிறகு பொதுவாக, "எனக்குப் பச்சத்தண்ணிதான் ஒத்துக்கும்மா, ஃபில்டர் தண்ணி தொண்டைய புடிக்குது" என்றார்.

"பெனிட்டா" என்றார் ஸ்டெல்லாம்மா, திரும்பிப் பார்க்காமல்.

பெனிட்டா கொண்டுவந்தாள். அவர் குடித்தார். "நல்லா இரு தங்கச்சி."

பிறகு வேலை. நாங்கள் இருவரும் ஓவனை அலமாரியிலிருந்து பாதி இழுத்தோம். மேல்தகட்டைக் கழற்றினார். கதவுக்கு நேர் மேலே, உள்ளங்கை அளவில் ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து ஒரு கம்பி போய்க் கதவின் கொக்கியைப் பிடிக்கிறது. மீட்டரின் முனைகளை வைத்தார். மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது. காது கொடுத்துக் கேட்டார். கிர்ரென்று சுற்றவும் செய்கிறது. ஆனால் கம்பி அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் கம்பியைப் பின்னால் தள்ளினார். கதவு மெதுவாக வாயைத் திறந்தது. பெனிட்டா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

"சந்தோஷப்படாத தங்கச்சி. கதவுதான் தொறந்துச்சு. பூட்டு வுழுந்துதா எடுத்துதான்னு இந்த மோட்டாரு சேதி சொன்னாத்தான் ஓவன் சூடாவும். இது செத்துப்போச்சு. பூட்டு மொத்தமா மாத்தணும்." அப்புறம் ஸ்டெல்லாம்மா பக்கம் திரும்பினார். "பூட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே கதவப் புடிச்சி இழுத்துகீறாங்கம்மா. பாவம், தெரியாம."

"நான் இழுக்கவே இல்ல அண்ணா" என்றாள் பெனிட்டா. "கரண்ட் போயி வந்துது. அப்புறம்தான் இப்படி."

"கரண்ட் எல்லா வூட்லயும்தான் போவுது தங்கச்சி" என்றார், சிரித்துக்கொண்டே.

ஸ்டெல்லாம்மா மகனுக்கு வீடியோ கால் போட்டார். "நீ அவ்ளோ ஆசையா அனுப்பினே, உடைச்சு வெச்சிருக்கா, பாரு" என்று காமிராவை ஓவன் பக்கம் திருப்பினார். அங்கிருந்து என்ன பதில் வந்ததோ, பெனிட்டா சமையலறையைவிட்டு வெளியே போய்விட்டாள். "சரியானதும் உங்க அக்கா வீட்டுக்கே அனுப்பிடறேன்" என்று ஸ்டெல்லாம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சர்வீஸ்காரரோடு கீழே இறங்கினேன். கழற்றிய மோட்டாரைப் படியில் உட்கார்ந்து பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். பற்கள் சூட்டில் உருகி மழுங்கியிருந்தன.

"இது யார் கையும் படற எடமா?" என்று கேட்டேன்.

"எங்க சார் படும், இரும்புப் பொட்டிக்குள்ள கீது. பழசு, தேஞ்சி போச்சு. சூட்டுல நடுவுல நின்னதும் ஒட்டிகினு பல்லு போயிருக்கும்."

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு மேல சொன்னீங்க?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"தேஞ்சி போச்சுன்னா இன்னா அர்த்தம் சார்? புள்ள பழசத் தள்ளிவுட்டான்னு அர்த்தம். கரண்டுன்னா, சுத்தம் பண்ணச் சொன்னது அந்தம்மா. பெத்தவகிட்ட அதச் சொல்லிட்டு அந்த வூட்ல நான் மறுபடி ஏற முடியுமா? அந்தத் தங்கச்சிக்கு இன்னா, எப்பவும் கேக்கற பேச்சுதானே. இதோட இது ஒண்ணு."

சொல்லிவிட்டுப் பல்சக்கரத்தைச் சாக்கடையில் எறிந்தார்.

அந்த ஓவனுக்குப் புதுப் பூட்டு இந்தியாவில் கிடைக்காது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய ஓவன்களைப் பிரித்து விற்கிறவர்கள் உண்டு. அங்கே பார்க்கிறேன் என்று போயிருந்தார். கிடைக்காவிட்டால் விற்பனை இல்லை. மறுநாள் சனிக்கிழமை, அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள். பெனிட்டா விடிந்ததிலிருந்து ஊறிய பழங்களை வடித்து, மாவைச் சலித்து, டின்களில் காகிதம் விரித்து அடுக்கி வைத்திருந்தாள். காலைச் சிற்றுண்டி முடிகிற நேரத்தில் அவர் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பூட்டு கையில் இருந்தது.

வேலையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. பழைய பூட்டின் திருகாணித் துளைகளையும் புதியதன் துளைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார், பொருந்தின. வயர்ச் செருகியைக் குத்துமுன் மீட்டரை வைத்து, கம்பியை விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு தடவையும் பீப் சத்தம் வருகிறதா என்று கேட்டார். பொருத்தினார். ஓவனை உள்ளே தள்ளினோம். கரண்ட் கொடுத்ததும் மினுக்கிக்கொண்டிருந்த குறி அணைந்தது. சுத்தப் பொத்தானை அழுத்தினார். க்ளிக் என்று பூட்டியது. நிறுத்தினார், சற்றுப் பொறுத்து க்ளிக் என்று விட்டது. கையை உள்ளே நீட்டி வெதுவெதுப்பைப் பார்த்தார்.

"அண்ணா, இப்பவே மாவு கலக்கலாமா?" என்றாள் பெனிட்டா.

"கலக்கு தங்கச்சி."

அவள் கலக்க ஆரம்பித்தாள். ஸ்டெல்லாம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இந்த விற்பனை முடிஞ்சதும் வண்டி வெச்சு பல்லாவரத்துக்குக் கொண்டுபோயிடணும். நீங்களே வந்து அங்க மாட்டிக் குடுங்க."

"வாணாம்மா" என்றார் அவர். பெனிட்டாவின் கை நின்றது. "தூக்கினு போனா மறுபடி கழண்டுக்கும். இங்கயே இருக்கட்டும். பொழப்பு நடக்குது இல்ல, நடக்கட்டும்."

அந்த ஒரு நிமிடம் அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது தப்போ என்று தோன்றியது. பெனிட்டாவின் கண் நிறைந்திருந்தது.

"அம்மா, இங்க வாங்க" என்று அவர் ஸ்டெல்லாம்மாவை ஓவன் அருகே அழைத்தார். அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒரு பொத்தானிலும், கட்டைவிரலை இன்னொன்றிலும் வைத்தார். "அப்டியே புடிங்க." பலகையில் குட்டிச் சாவி ஒன்று எரிந்தது. "இது எரிஞ்சா யாரு இன்னா அமுக்கினாலும் சூடாவாது. மறுபடி நீங்க இப்டிப் புடிச்சாத்தான் எடுக்கும். சின்னப் பசங்க கை வெக்காம இருக்க கம்பெனிக்காரன் குடுத்தது."

"எங்க வீட்ல ஏது சின்னப் பசங்க?" என்றார் ஸ்டெல்லாம்மா. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்பது அந்தச் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும்.

சர்வீஸ்காரர் பெனிட்டாவைப் பார்த்தார். கனிவாகவே பார்த்தார். "பரவால்லம்மா. யூஸ் ஆவும்."

அவர் போய்விட்டார். ஸ்டெல்லாம்மா இரண்டு விரலை வைத்து எடுத்தார், சாவி அணைந்தது. வைத்தார், எரிந்தது. மறுபடி அணைத்தார், மறுபடி எரியவிட்டார். முகத்தில் புதிதாக ஒரு வேலை கற்றுக்கொண்டவரின் மகிழ்ச்சி.

எந்த இரண்டு பொத்தான் என்று நான் பார்த்தேன். பெனிட்டாவும் பார்த்தாள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. அவள் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். கலக்கிய மாவை டின்களில் ஊற்றி முடித்துவிட்டு, ஓவன் முன்னால் நின்று, "அத்தை, லாக்க எடுத்து விடறீங்களா?" என்றாள்.

"இரு, ஜெபம் முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லாம்மா தன் அறைக்குள் போனார். சாவி எரிந்துகொண்டிருந்தது. கலக்கிய மாவு காத்திருக்காது என்று எனக்கே தெரியும். மேலே எழும்பிய குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்து, டின்களில் மாவு அமுங்கத் தொடங்கியது. பெனிட்டா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.